ஒற்றையாட்சி நாடுகளில் ஊருக்கு எவ்வளவு அதிகாரம்? பினாங்கிலிருந்து ஓர் ஒப்பீடு

பினாங்கில் ஊராட்சித் தேர்தலை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்று யாராவது பேச ஆரம்பித்தால், எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பதில் தவறாமல் வரும். நம்முடையது கூட்டாட்சி, கூட்டரசுக்கும் மாநிலத்துக்கும் அதிகாரத்தை ஏற்கெனவே பங்கு பிரித்தாகிவிட்டது, ஒற்றையாட்சி நாடுகளில்தான் எல்லாம் தலைநகரில் குவிந்து கிடக்கும், நமக்கென்ன கவலை என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சுவீடனும் ஒற்றையாட்சி, இலங்கையும் ஒற்றையாட்சி. சுவீடனில் பெரும்பாலோர் சம்பளத்திலிருந்து கட்டும் வருமான வரி நகராட்சிக்கும் வட்டாரத்துக்குமே போகிறது. இலங்கையில் மாகாண சபைகளின் காலம் முடிந்து ஆண்டுகள் கடந்தும் தேர்தல் வைக்கப்படவில்லை. ஆட்சி முறையின் பெயரைக் கேட்டு ஊரின் நிலையைச் சொல்லிவிட முடியாது.

ஒப்பிடுவதற்கு முன் நம் வீட்டு நிலவரம். பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் நியமனமும் சம்பளமும் கூட்டரசுக் கல்வி அமைச்சின் பொறுப்பு. பள்ளிக்குக் கூடுதல் நிலம் வேண்டுமென்றால் மாநில அரசிடம் போக வேண்டும். வாசலில் சாக்கடை அடைத்துக்கொண்டால் மாநகர் மன்றம். பிள்ளைகள் ஏறி வரும் ரேபிட் பினாங்கு பஸ், கூட்டரசு நிதியமைச்சுக்குச் சொந்தமான நிறுவனம் ஓட்டுவது. கூட்டரசு, மாநிலம், மாநகர் மன்றம் என்ற மூன்றில் நாம் ஓட்டுப் போட்டு அமைப்பது முதல் இரண்டை மட்டுமே. மேயரையும் கவுன்சிலர்களையும் மாநில அரசு நியமிக்கிறது.

கோலாலம்பூரில் அதுகூட இல்லை. 1974-இல் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமான பிறகு அங்கே சட்டமன்றமே கிடையாது. 11 நாடாளுமன்ற உறுப்பினர்கள், கூட்டரசு நியமிக்கும் ஒரு டத்தோ பண்டார் (மேயர்), அவ்வளவுதான். கூட்டாட்சி நாட்டின் தலைநகரில் குடியிருப்பவருக்குக் கிடைத்திருப்பது அப்பட்டமான ஒற்றையாட்சி. பிரிக்ஃபீல்ட்ஸிலோ செந்தூலிலோ இருப்பவரைவிட, ஒற்றையாட்சி நாடான பிரான்ஸில் ஐந்நூறு பேர் வாழும் கிராமத்துக்காரருக்குத் தன் தெருவின் மேல் சொல்லுரிமை அதிகம்.

ஒற்றையாட்சி என்றால் சட்டப்படி அர்த்தம் இதுதான்: இறுதி அதிகாரம் மத்தியில் இருக்கும்; மாகாணமோ நகரமோ வைத்திருப்பது மத்தியச் சட்டம் தந்தது. எவ்வளவு தருவது, எப்படித் தருவது என்பது நாட்டுக்கு நாடு மாறும். நான் மூன்று கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன். ஊர்த் தலைமையைத் தேர்ந்தெடுப்பது யார்? பணம் எங்கிருந்து வருகிறது? மத்தியும் ஊரும் மோதிக்கொண்டால் தீர்ப்பது யார்? முதல் இரண்டைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். மூன்றாவதற்குச் சரியான பதில் இல்லாத இடத்தில் முதல் இரண்டும் நிலைக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

பிரிட்டன், பிரான்ஸ்

பிரிட்டனில் மூன்றாவது கேள்விக்குப் பதில் ஒரே சொல்: நாடாளுமன்றம். அதன் விளைவை லண்டன்வாசிகள் 1986-இல் பார்த்தார்கள். கென் லிவிங்ஸ்டன் தலைமையில் லண்டன் பெருநகர மன்றம் இருந்தது. அதன் கட்டடம் தேம்ஸ் நதியின் மறுகரையில், நாடாளுமன்றத்தின் கண்ணெதிரே. வேலையில்லாத லண்டன்வாசிகள் எத்தனை பேர் என்ற கணக்கை அதன் கூரைமேல் பெரிய எழுத்தில் எழுதி வைத்தார்கள். மார்கரெட் தாட்சரின் அரசு ஒரு சட்டம் போட்டு அந்த மன்றத்தையே இல்லாமல் செய்துவிட்டது. கூடவே வேறு ஆறு பெருநகரப் பகுதிகளின் மன்றங்களும் போயின. அரசியலமைப்புத் திருத்தம் தேவைப்படவில்லை; சாதாரணப் பெரும்பான்மை போதுமானதாக இருந்தது. 14 ஆண்டுகள் லண்டன் முழுமைக்குமான ஆட்சிமன்றம் எதுவும் இல்லை. 2000-இல் மேயர் பதவி உருவாகி முதல் தேர்தல் நடந்தபோது, அதே லிவிங்ஸ்டன் சுயேச்சையாக நின்று ஜெயித்தார்.

ஸ்காட்லாந்து வேறு கதை என்று சொல்வார்கள். ஓரளவுக்கு உண்மைதான். 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அதற்குத் தனி நாடாளுமன்றம் கிடைத்தது. கல்வி, மருத்துவம் அதன் கையில். வருமான வரி விகிதத்தையும் இப்போது தானே வைத்துக்கொள்கிறது. ஆனாலும் 2023 ஜனவரியில், பாலின அங்கீகாரம் தொடர்பாக ஸ்காட்லாந்து நிறைவேற்றிய மசோதாவை அரசர் ஒப்புதலுக்குப் போகவிடாமல் லண்டன் நிறுத்தியது. அதற்கான அதிகாரம் 1998 சட்டத்தின் 35-ஆம் பிரிவில் முதல் நாளிலிருந்தே இருந்தது. பயன்படுத்தியது அதுவே முதல் முறை. மசோதாவின் நல்லது கெட்டது வேறு விவாதம். கொடுத்தவர் தடுக்கும் உரிமையையும் கையில் வைத்துக்கொண்டே கொடுத்தார் என்பதைத்தான் நான் கவனிக்கிறேன்.

பிரான்ஸ் இதற்கு நேர் எதிரான இடத்திலிருந்து கிளம்பியது. 1800-இல் நெப்போலியன் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பிரிஃபெக்டை அமர்த்தினார். நம் ஆட்களுக்குச் சொல்வதானால், மாவட்ட அதிகாரியும் உள்துறையின் கண்ணும் ஒரே ஆள். நகர மன்றத்தின் முடிவுகள் அவர் பார்வையைத் தாண்டித்தான் நடைமுறைக்கு வர வேண்டும். பாரிஸுக்கு 1871 முதல் 1977 வரை தனக்கென ஒரு மேயரே கிடையாது. மத்தியக் குவிப்புக்கு உலகமே உதாரணம் காட்டிய நாடு அது.

1982 மார்ச்சில் வந்த சட்டம் அதை மாற்றியது. கொண்டுவந்தவர் உள்துறை அமைச்சர் கஸ்தோன் தெஃபேர். அவரே நீண்ட காலம் மார்செய் நகர மேயராகவும் இருந்தவர், அதனால் வலி தெரிந்தவர். பிரிஃபெக்ட் பதவியை அவர் ஒழிக்கவில்லை. அதன் கையிலிருந்த முன் அனுமதியை மட்டும் எடுத்தார். அன்றிலிருந்து நகர மன்றம் எடுத்த முடிவு அறிவித்த உடனே செல்லும். சட்டத்துக்குப் புறம்பானது என்று பிரிஃபெக்ட் நினைத்தால் இரண்டு மாதத்துக்குள் நிர்வாக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். தடுத்து நிறுத்தும் நாற்காலியிலிருந்து வழக்குத் தொடுக்கும் நாற்காலிக்கு அவரை மாற்றி உட்கார வைத்ததுதான் அந்தச் சீர்திருத்தத்தின் சாரம். 2003-இல் குடியரசின் அமைப்பு பரவலாக்கப்பட்டது என்று அரசியலமைப்பிலேயே எழுதினார்கள். நாடு ஒற்றையாட்சியாகவே நீடிக்கிறது. ஆனால் ஒரு மேயர் மேலிடத்தோடு மோதினால் நீதிபதி முன் நின்று வாதாட முடியும்.

பிரிட்டனையும் பிரான்ஸையும் பக்கத்தில் வைத்தால் நான் தயங்காமல் பிரான்ஸின் பக்கம் நிற்பேன். அங்கே குறை இல்லாமல் இல்லை. கொம்யூன் எனப்படும் ஊராட்சிகள் சுமார் 35,000; பாதிக்கு மேற்பட்டவற்றில் 500 பேர்கூட இல்லை. குடியிருக்கும் வீட்டுக்கான வரியை 2023-க்குள் முழுதாக நீக்கிவிட்டதால், வாடகைக்கு இருப்பவருக்கும் நகர மன்றத்துக்கும் நடுவே இருந்த வரிக்கயிறு அறுந்துபோனது என்று மேயர்கள் புலம்புகிறார்கள். அது நியாயமான புலம்பல். (காரைக்கால் பக்கம் உறவுள்ள பினாங்குக் குடும்பங்களுக்கு கொம்யூன் என்ற பேர் புதிதாக இருக்காது. பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன கொம்யூன் அங்கே பஞ்சாயத்தாக இன்னும் இருக்கிறது. உள்ளாட்சித் தேர்தல்தான் 1968-க்குப் பிறகு 2006-இல்தான் நடந்தது.)

பணம் என்று வந்தால்

இந்தக் கேள்வியில் சுவீடனைத் தொட ஆளில்லை. 290 நகராட்சிகள், 21 வட்டாரங்கள். பள்ளி, முதியோர் பராமரிப்பு நகராட்சியிடம், மருத்துவமனை வட்டாரத்திடம். இரண்டும் சேர்ந்து வருமானத்தில் சராசரியாக 32 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் மேலே வரி வாங்குகின்றன. விகிதத்தை அந்தந்த மன்றமே முடிவு செய்கிறது. மத்திய அரசின் வருமான வரி அதிக சம்பளக்காரருக்கு மட்டும். வசதியான ஊர்களிடமிருந்து எடுத்து வசதி குறைந்த ஊர்களுக்குத் தரும் சமன்செய்யும் ஏற்பாடும் இருக்கிறது. நகராட்சியின் முடிவு சட்டப்படி சரியில்லை என்று நினைக்கும் உள்ளூர்வாசி யாராக இருந்தாலும் நிர்வாக நீதிமன்றத்தில் முறையிடலாம்.

அதற்காக அங்கே மத்தி பலவீனமானது என்று நினைக்க வேண்டாம். 1950-களின் தொடக்கத்தில் சுமார் 2,500 ஆக இருந்த ஊராட்சிகளை ஸ்டாக்ஹோம் 1974-க்குள் 278 ஆகச் சுருக்கிவிட்டது. ஒற்றையாட்சியின் அதிகாரத்தை முழுதாகப் பயன்படுத்தித்தான் பலமான ஊராட்சிகளை உருவாக்கினார்கள்.

இங்கிலாந்தின் நகர மன்றங்கள் வீட்டு வரியை இன்னமும் 1991-ஆம் ஆண்டு வீட்டு மதிப்பை வைத்துப் போடுகின்றன. மத்திய அரசு வைத்த வரம்புக்கு மேல் உயர்த்த உள்ளூரில் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். 2023 செப்டம்பரில் பெர்மிங்காம் மன்றம், அத்தியாவசியமல்லாத புதுச் செலவுகளை நிறுத்துகிறோம் என்று அறிவிப்பு விடும் நிலைக்கு வந்தது. அந்த மன்றத்தின் சொந்தத் தவறுகளும் அதில் உண்டு. ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் கையில் பணமில்லாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அது சரியான பாடம்.

ஜப்பானைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஊர்களின் தன்னாட்சியை 1947 அரசியலமைப்பே தனி அத்தியாயம் போட்டுச் சொல்கிறது, 47 மாகாணங்களின் ஆளுநர்களையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் 2000 வரை ஆளுநரை மத்திய அமைச்சுகளின் முகவராக நடத்தும் முறை இருந்தது. அது போய், தகராறு நீதிமன்றத்துக்குப் போகும் வழி திறந்தது. ஒகினாவா மாகாணம் அந்த வழியில் அமெரிக்கப் படைத்தளத்தை எதிர்த்துப் போராடித் தோற்றது. 2023 டிசம்பரில் மாகாணத்துக்குப் பதிலாக மத்திய அரசே தளப் பணிக்கான ஒப்புதலைப் போட்டுக்கொண்டது.

இந்தோனேசியா, இலங்கை

இந்த இரண்டும் நமக்குக் கிட்டத்துச் சொந்தம். இந்தோனேசியாவின் மேடான் நகரிலிருந்து சிகிச்சைக்காக பினாங்கு மருத்துவமனைகளுக்கு வருபவர்கள் எத்தனையோ பேர். இலங்கை உறவோ கோலாலம்பூரில் ரயில்வே காலத்திலிருந்து இருக்கிறது. இலங்கைத் தமிழரின் கூட்டாட்சிக் கோரிக்கையை முன்னெடுத்த செல்வநாயகம் பிறந்ததே ஈப்போவில்தான், 1898-இல்.

இரண்டு நாடுகளுக்கும் ஒரே பயம்: அதிகாரம் கொடுத்தால் நாடு உடைந்துவிடுமோ. அந்தப் பயத்துக்கு இரண்டும் கண்டுபிடித்த வழிகள் வேறு வேறு.

சுகார்த்தோ 1998-இல் வீழ்ந்தார். அடுத்த ஆண்டு கிழக்குத் திமோர் பிரிந்துபோக வாக்களித்தது. அந்தச் சூழலில் ஜகார்த்தா ஒரு துணிச்சலான கணக்குப் போட்டது. மாநிலத்துக்குக் கொடுத்தால் பிரிவினை பேசும் பலம் வரும். அதனால் அதற்குக் கீழே இருக்கும் மாவட்டத்துக்கும் நகரத்துக்கும் கொடுத்துவிடுவோம். 1999-இல் சட்டம், 2001 ஜனவரி 1-இல் நடைமுறை. சுமார் இருபது லட்சம் அரசு ஊழியர்கள் மத்தியிலிருந்து ஊர் நிர்வாகங்களின் கீழ் மாற்றப்பட்டார்கள். வெளியுறவு, பாதுகாப்பு, காவல், நீதி, நாணயமும் நிதியும், சமயம் ஆகிய ஆறும் ஜகார்த்தாவிடமே இருந்தன. 2005 முதல் மாவட்டத் தலைவர்களையும் மேயர்களையும் மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். சோலோ நகர மேயராக அப்படி வந்த ஜோக்கோ விடோடோ பிறகு ஜகார்த்தா ஆளுநராகி, 2014-இல் அதிபரானார்.

கெட்டதும் நடந்தது. குட்டி ராஜாக்கள் முளைத்தார்கள், சுரங்க உரிமங்கள் ஊழலில் சிக்கின, மாவட்டங்கள் உடைந்து உடைந்து ஐந்நூறைத் தாண்டின. 2014-இல் காடு, சுரங்கம், மேல்நிலைப்பள்ளி ஆகியவை மாநிலத்துக்கு ஏற்றப்பட்டன. 2020-இல் சுரங்க அதிகாரம் ஜகார்த்தாவுக்கே திரும்பியது. ஆனாலும் ஒன்று நடந்தது, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2016-இல் மத்திய அரசு மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஊர் விதிகளையும் அவை சார்ந்த உத்தரவுகளையும் ஒரே மூச்சில் ரத்து செய்தது. அடுத்த ஆண்டே அரசியலமைப்பு நீதிமன்றம், ஊர் விதிகளை ரத்து செய்யும் அதிகாரம் உள்துறை அமைச்சருக்கு இல்லை என்று சொல்லிவிட்டது. ஊருக்கும் தலைநகருக்கும் நடுவில் ஒரு மூன்றாவது ஆள் வந்து நின்றார்.

இலங்கை மாவட்டத்தை விட்டு மாகாணத்தைத் தேர்ந்தெடுத்தது, அதுவும் இந்தியாவுடன் 1987-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின் பேரில். 13-ஆம் திருத்தத்தில் ஒன்பது மாகாணங்களுக்கும் சபை, முதலமைச்சர், தனி அதிகாரப் பட்டியல், பொதுப் பட்டியல் எல்லாம் இருக்கின்றன. நம் மாநிலங்களின் அதிகாரப் பட்டியலோடு வைத்துப் பார்த்தால் காகிதத்தில் அதிகமாகவே தெரியும். காவல்துறைகூடப் பட்டியலில் உண்டு. ஆனால் காவல் அதிகாரம் நடைமுறைக்கு வரவே இல்லை. அரச காணி மத்திய அரசுடையதே என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாகாணத்தின் நிர்வாக அதிகாரம் ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரிடம் குவிந்திருக்கிறது. மாவட்டச் செயலகமும் பிரதேச செயலகமும் கொழும்பின் கீழேயே ஓடுகின்றன. ஒரே ஊரில் இரண்டு நிர்வாகம், அதில் பணமும் ஆளும் உள்ளது மத்தியினுடையது.

மூன்றாவது கேள்வி அங்கே எப்படிப் போனது என்று பாருங்கள். 2012-இல் வறுமை ஒழிப்பு அமைப்புகளை மத்தியில் ஒரே திணைக்களமாகச் சேர்க்கும் திவிநெகும மசோதா வந்தது. மாகாண சபைகளின் கருத்தைக் கேட்காமல் முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்போதைய தலைமை நீதிபதி ஷிராணி பண்டாரநாயக்க 2013 ஜனவரியில் நாடாளுமன்றக் குற்றப் பிரேரணை மூலம் பதவி நீக்கப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் வடக்கு மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்து விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். 2018-இல் அதன் காலம் முடிந்தது. 2019-க்குள் மற்ற எல்லா மாகாண சபைகளின் காலமும் முடிந்துபோனது. எல்லை நிர்ணயச் சட்டம் முடியவில்லை என்ற காரணத்தில் தேர்தல் தள்ளிக்கொண்டே போக, ஆளுநர்கள் நிர்வகித்தார்கள்.

இந்தோனேசியா தாறுமாறாகக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப எடுத்தது. எடுத்த பிறகும் ஊரில் ஓட்டு மிஞ்சியது. இலங்கை அளந்து, பூட்டு வைத்துக் கொடுத்தது, ஓட்டும் போனது. இரண்டில் ஒன்றைச் சொல் என்றால் இந்தோனேசியாவைத்தான் சொல்வேன், அதன் ஊழலைத் தெரிந்துகொண்டே.

நமக்கு என்ன வேண்டும்?

ஜார்ஜ்டவுனுக்கு இது அந்நியமான பேச்சில்லை. மலாயாவின் முதல் ஊராட்சித் தேர்தல் 1951-இல் இங்கேதான் நடந்தது. 1957 ஜனவரி 1-இல் மாநகரான போது முதல் மேயராக வந்தவர் தொழிற்கட்சியின் டி.எஸ். ராமநாதன். சீனர் பெரும்பான்மையாக இருந்த நகரத்துக்கு ஒரு தமிழர் மேயர். கோலாலம்பூரில் 1952 நகராட்சித் தேர்தலில்தான் மலாய்க்காரர் கட்சியான அம்னோவும் சீனர் கட்சியான மசீசவும் முதன்முதலில் கைகோர்த்தன. சுதந்திரத்துக்குப் பிறகு நாட்டை ஆண்ட கூட்டணி ஒரு நகர மன்றத் தேர்தலில் பிறந்தது.

1965-இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டித் தேர்தலை நிறுத்தினார்கள். செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் 1968-இல் தந்த அறிக்கை தேர்தல் திரும்ப வேண்டும் என்றது. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. பினாங்கு சட்டமன்றம் 2012-இல் தேர்தலுக்கென ஒரு சட்டம் நிறைவேற்றியது. ஊராட்சித் தேர்தல் என்ற சொற்கள் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலிலேயே இருந்தும், 2014-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் மாநிலம் தோற்றது. மூன்றாவது கேள்விக்கு நம் பதிலும் அன்றைக்குத் தெரிந்துவிட்டது.

தமிழர்களாக நாம் நேராகப் பேச வேண்டிய ஒன்று இதில் இருக்கிறது. இன்றைய நியமன முறையில் கட்சிகள் இந்தியக் கவுன்சிலர்களுக்கு என்று சில இடங்களை ஒதுக்குகின்றன. பினாங்கில் நாம் சுமார் பத்தில் ஒரு பங்கு, அதுவும் தீவிலும் எதிர்க்கரையான செபராங் பிறையிலும் சிதறி இருக்கிறோம். வட்டாரத்துக்கு ஒருவர், அதிக ஓட்டு வாங்கியவர் வெற்றி என்ற முறையில் தேர்தல் வந்தால் இருக்கும் இடமும் போய்விடுமோ என்ற பயம் பொய்யில்லை. அதைச் சொல்பவரைத் தேர்தல் விரோதி என்று ஒதுக்குவது தப்பு. அதற்குப் பதிலும் இந்த ஒப்பீட்டிலேயே இருக்கிறது: சுவீடனிலும் இந்தோனேசியாவிலும் மன்ற இடங்களைக் கட்சிகள் வாங்கிய ஓட்டு விகிதப்படி பிரிக்கிறார்கள். பத்து விழுக்காட்டினர் எங்கே சிதறி இருந்தாலும் அவர்களின் ஓட்டு வீணாகாது. தேர்தல் கேட்கும்போதே விகிதாசார முறையையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

சுவீடன் மாதிரி வருமான வரி இங்கே நடக்காது. வருமான வரி முழுக்கக் கூட்டரசினுடையது. மதிப்பீட்டு வரியையும் (வீடு, கட்டட வரி) உரிமக் கட்டணத்தையும் வைத்துக்கொண்டு மன்றம் வடிகாலையும் குப்பையையும் பார்க்கலாம். 2024-இல் பினாங்கின் எல்ஆர்டி ரயில் திட்டம் கூட்டரசின் கைக்குப் போனதே, அந்த அளவு வேலைகளை நினைத்தும் பார்க்க முடியாது. அதனால் நான் கேட்பது பிரான்ஸின் ஏற்பாடு. மன்றம் மக்கள் ஓட்டில் வரட்டும், அதன் முடிவு உடனே செல்லட்டும், மாநில அரசோ கூட்டரசோ ஆட்சேபித்தால் வழக்குப் போடட்டும். ஒரு கடிதத்தில் மன்றத்தைக் கலைக்கும் அதிகாரம் யாருக்கும் வேண்டாம்.

தொடங்குவதற்கு எளிதான இடம் பினாங்குகூட இல்லை, கோலாலம்பூர். அங்கே மாநில அரசு என்று ஒன்று குறுக்கே இல்லை. எந்த சுல்தானின், எந்த மந்திரி பெசாரின் (மாநில முதல்வரின்) சம்மதமும் தேவையில்லை. நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தினால் போதும், டத்தோ பண்டாரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மக்களிடம் வந்துவிடும். ஊராட்சிச் சட்டத்தின் 15-ஆம் பிரிவையும் அதே கூட்டத்தொடரில் திருத்தினால், தேர்தலை நடத்த மனமுள்ள மாநிலங்கள் நடத்திக்கொள்ளலாம். பினாங்கு 2012-லேயே தயாராக இருந்தது.